அங்கியில் ஒரு நூல் வளையம்

பட்டமளிப்பு அங்கியின்மேல் கழுத்தைச் சுற்றி அணிந்து, முதுகில் தொங்கவிடும் நீலத் துணி ஒன்று உண்டு. அதன் முன்முனையில் சின்னதாக ஒரு நூல் வளையம் இருந்தது. அது எதற்கு என்று கிள்ளான் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் விளங்கவே இல்லை.

விழா மண்டப வாசலில் சேலைக்கு மேல் அங்கியையும் அதையும் அணிந்ததும், அந்தத் துணி பின்னால் வழுக்கிப் போய் என் தொண்டையை நெரித்தது. என்னோடு படித்தவன் ஒருவன் அந்த வளையத்தைத் தன் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“எனக்குப் பொத்தான் எங்கம்மா இருக்கு?”

“சட்ட போடறவங்களுக்குத் தச்சிருக்காங்க போல. ஆடாம நில்லு லா,” என்றார் அம்மா. தன் தாலிக்கொடியில் எப்போதும் மாட்டி வைத்திருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, வளையத்தை என் சேலையோடு சேர்த்துக் குத்தினார். துணி அசையவில்லை.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாட்டியிருக்கும் பட்டமளிப்புப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கிறேன். படத்தில் இருப்பவள் சேலை கட்டியிருந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்துக்குக் கீழே ஊக்கைத் தேடுகிறேன். கண்டுபிடித்ததும், படத்தில் பக்கத்தில் நிற்கும் அவள் அம்மாவின் தாலிக்கொடியைப் பார்க்கிறேன்.