பரஸ்தானம் வைத்த பந்து

காலை 8.50, வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி. 1984 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பம். அமெரிக்காவுக்கு வந்துமா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நான் பாளையங்கோட்டைக்காரன், விடுவதாக இல்லை.

வடக்கே தொண்ணூறு மைலில், ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரு ராணுவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கால்பந்து பார்க்கப் போகிறோம். கால்பந்து என்று பெயர்தான், ஆடுவது பெரும்பாலும் கையால். என் தங்கை ராஜியும் மாப்பிள்ளை சேகரும் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ததே பக்கத்து வீட்டு வால்டருக்காக.

வால்டருக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு உலக யுத்தங்களுக்கும் நடுவே அந்தக் கல்லூரி அணியில் ஆடியவர். அவருடைய கடைசி சீசனில் அணி தோற்றது ஒரே ஒரு ஆட்டம். எல்லைக் கோட்டருகே அவர் கையிலிருந்து பந்து நழுவியதால் தோற்றார்கள். வெட்கம் தாங்காமல் அந்தப் பந்தை யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். அதன்பின் ஒரு நண்பர் முகத்திலும் விழிக்கவில்லை. இப்போது கேப்டன் ஹேங்க் டெக்ஸாஸிலிருந்து எழுதியிருந்தார்: பழைய ஆட்டக்காரர்கள் கூடுகிறோம், இதுதான் என் கடைசிப் பயணம், பந்து உன்னிடம்தான் என்று எனக்கு அப்போதே தெரியும், அதோடு வா.

பந்திருந்த பையை எங்களிடம் கொடுத்துவிட்டு, வால்டர் டை மாற்றத் தம் வீட்டுக்குத் திரும்பினார். மணி ஒன்பதை நெருங்கியது. என் மூளை வேலை செய்தது. ராகு காலத்துக்கு முன் ஒரு சாமானை எதிர்வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு சாவகாசமாகக் கிளம்பி, போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். முக்கியமான சாமானாக இருக்கட்டுமே என்று வால்டரின் பையையே எடுத்துப்போய் எதிர்வீட்டுப் படியில் வைத்துவிட்டு, ராஜியிடமும் சேகரிடமும் சொல்லிவைத்தேன்.

9.20-க்குக் கிளம்பினோம். பெட்ரோல் காலன் ஒரு டாலர் இருபது சென்ட். வழி நெடுக மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. வால்டர் மட்டும் எதையும் பார்க்காமல் டையைத் தடவிக்கொண்டே வந்தார்.

11.30. கார் நிறுத்தும் மைதானத்தில் ஊரே டிக்கியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ராஜியும் புளியோதரையைப் பிரித்தாள். வால்டர் பையைக் கேட்டார்.

"மச்சான், பேக் எங்க?" என்றார் சேகர்.

"நீங்க எடுக்கலியா மாப்பிள்ளை?"

ராஜி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணே, அது எதிர்வீட்டுப் படியிலயா இருக்கு?"

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. போய்த் திரும்ப நாலு மணி நேரம் ஆகும். வால்டர் காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, மகள் தள்ளிவந்த சக்கர நாற்காலியில் கேப்டன் ஹேங்க் வந்து சேர்ந்தார்.

சேகர் அவரிடம் ராகு காலத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். கேப்டன் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கார் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னார். வால்டர் முகம் கோணியது. அடுத்த கணம் அவரும் சிரித்துவிட்டார். கேப்டன் என்ன சொன்னார் என்று சேகரிடம் கேட்டேன்.

"இத்தனை வருஷம் கழிச்சும் பந்தைக் கோட்டை விட்டுட்டியேடான்னார், மச்சான்."

கதவு திறந்தது. இரண்டு கிழவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. என் கண் கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆட்டத்தில் ஆள்மேல் ஆள் விழுந்தார்கள், விசில் ஊதினார்கள், எழுந்து மறுபடி விழுந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லூரி ஜெயித்ததாம், அதற்கும் கை தட்டினேன்.

ஞாயிறு காலை 11.00. பந்தை வாங்கிக்கொள்ளக் கேப்டனே வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தார். பை, வைத்த படியிலேயே இருந்ததை முந்தின இரவு திரும்பியதுமே எடுத்துவந்திருந்தோம். ராஜி வார்த்த தோசையில் நாலு உள்ளே போனபின் கேப்டன் பரஸ்தானம் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். சாமானை வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகத்தானே அர்த்தம், வந்து எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று கேட்டார். ஆமாம் என்றேன். மடியிலிருந்த பந்தை வால்டரிடமே திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷப் பயணத்துக்கு இது இங்கேயே இருக்கட்டும் என்றார்.

எங்கள் ஊரில் பரஸ்தானம் வைத்த சாமான் மூன்று நாளுக்கு மேல் தங்கக்கூடாது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மறு வருஷம் ராஜி கடிதம் போட்டாள். கேப்டன் வந்திருந்தாராம், ஆறு தோசை சாப்பிட்டாராம். பந்தை இந்த முறையும் எடுத்துப் போகவில்லையாம்.