பாம்பன் தெருவில் ஏழு நிறைகுளம்

பிள்ளையை உயிரோடு எடுத்துத் தாய் கையில் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, பெயர் வைப்பது வீட்டுக்காரர் பாடு என்றுதான் மதுரையில் மிட்வைஃப் படிப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் பாம்பனில் வேலை பார்த்ததில்லை. நர்ஸ், கம்பவுண்டர், வாத்தியார் என்று யாராவது இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும், பாடத்தில் இல்லாத வேலைதான் கடைசியில் நம் தலையில் வந்து விடியும்.

மரியாளும் சூசையும்

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும், என்னைப் பாம்பன் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ள இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ஆயா, அப்புறம் நான். எனக்கு ஊர் சாயல்குடிக்கு மேற்கே வானம் பார்த்த பூமி. கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்த்து வளராதவள். கடலைப் பார்த்தால் முதல் மாதம் எனக்குத் தலை சுற்றியது.

வந்த வாரமே உபதேசியார் தேடி வந்தார். மீனவக் குடும்பங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர், மாதா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் எழுதுகிறவரும் அவர்தான். "பிள்ளை பிழைக்காதுன்னு தெரிஞ்சா பங்குச் சாமியார் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நீங்களே தலையில தண்ணி ஊத்திப் பேர் சொல்லி ஞானஸ்நானம் குடுத்துரணும். நீங்க இந்துவா இருந்தாலும் அது செல்லும். பொண்ணுன்னா மரியாள், ஆணுன்னா சூசை. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றார். சொல்ல வேண்டிய வசனத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மூன்று தடவை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போனார். நல்லவேளை, பிரம்பு கொண்டுவரவில்லை.

நானும் யோசிக்கவில்லை. அந்த வருஷத்தில் மூன்று மரியாள், இரண்டு சூசை. ஊரில் ஆரோக்கியமாகத் திரிகிற மரியாள்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள், அவர்களுக்கெல்லாம் சாமியார் சாவகாசமாக வைத்த பெயர். நான் வைத்த ஐந்து பேரும் கோயிலுக்குப் பின்னால் மணலுக்குள் போய்விட்டார்கள். ஒருநாள் கோயிலில் மணி அடிக்கிறவரும் குழி வெட்டுகிறவருமான கோயில்பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். கேலியாகக் கேட்கவில்லை, வேலைக்கு வசதியாக இருக்குமே என்றுதான் கேட்டார்: "ஏன் நர்ஸம்மா, அந்த ரெண்டு பேர்ல ஒண்ணு உங்க வாயில வந்துட்டாலே நான் மண்வெட்டிய எடுத்துரலாமா?"

அருளாயி கேட்ட கேள்வி

அந்த மூன்று மரியாள்களில் ஒருத்தி அருளாயியின் மகள். அருளாயிக்கு அதற்கு முந்தினதும் தங்கவில்லை. மூன்றாவதாக உண்டாகி அவள் வந்தபோது, கட்டிலில் படுக்கும் முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, யார்மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

நடுப்பகலில் பிள்ளை வந்தது. பெண். கழுத்தில் கொடி இரண்டு சுற்று, உடம்பெல்லாம் நீலம், சத்தம் இல்லை. ரப்பர் குழாயால் சளியை உறிஞ்சினேன். உள்ளங்காலைத் தட்டினேன். வெந்நீரில் ஒரு முக்கு, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு. வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஒன்றும் இல்லை. ஆயா தண்ணீர்ச் செம்பை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கும் பழகிவிட்டது. கையில் தண்ணீரை எடுத்தேன், மரியாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு எழவில்லை. கோயில்பிள்ளையின் மண்வெட்டிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. சொல்ல மாட்டேன், போ, என்று மனசுக்குள் யாரையோ திட்டிக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன். "நிறைகுளத்தாளே, உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று வாயில் வந்தது. மீதி வசனத்தைச் சொல்லி முடிக்கும் முன் பிள்ளை தும்மியது. அப்புறம் வீல் என்று ஒரு கத்தல். ஆயா சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? கட்டிலிலிருந்து அருளாயி மெதுவாகக் கேட்டாள்: "எந்தக் குளத்தக்கா சொன்னீங்க?"

சாமியார் முன்னால்

எந்தக் குளம் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன், ஊரில் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இருக்கிறவர் நிறைகுளத்து அய்யனார். மழை பொய்க்கிற எங்கள் பக்கத்தில் குளம் நிறைவதைவிடப் பெரிய வரம் கிடையாது. அதனால் ஆண்பிள்ளைக்கு நிறைகுளத்தான் என்று வைப்பார்கள். பெண்ணுக்கு அபூர்வம். எனக்கு ஒரு மகள் பிறந்தாள். முப்பதாம் நாள் நிறைகுளத்தாள் என்று பெயர் வைப்பதாகப் பேசி வைத்திருந்தோம். இருபத்திரண்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பெயரில்லாமலே போனாள். அந்தப் பெயர் என்னிடம் சும்மா கிடந்தது. அதற்குப் பிறகுதான் நான் இந்தப் படிப்புக்கே போனேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் கூப்பிட்டனுப்பினார். ஞானஸ்நானத்தில் போய் அய்யனார் பெயரை வைத்திருக்கிறேன், மேலே எழுதிப்போட்டால் வேலை போகும். வேலை போனால் எனக்குப் போக்கிடம் இல்லை, புருஷன் வேறு கல்யாணம் முடித்து வருஷமாகிவிட்டது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "பிள்ளை பிழைச்சிருக்கு சாமி, அதுக்காகவா கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அருளாயியோ பிள்ளையை இறுக்கிக்கொண்டு, பெயரை மாற்றினால் கோயிலுக்கே வரமாட்டேன் என்று நிற்கிறாள். சாமியார் முகம் சிவந்துவிட்டது. உபதேசியார்தான் தொண்டையைச் செருமினார். "மாதாவைப் பூரண மரியாயேன்னுதானே சாமி கூப்பிடுறோம். பூரணம்னாலும் நிறைஞ்சதுன்னாலும் ஒண்ணுதானே?" என்றார். சாமியார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "மரிய நிறைகுளம்னு எழுதும். அம்மா, இனிமேல் உமக்குப் பேர் பஞ்சம் வந்தால் என்னிடம் ஆள் அனுப்பும்."

பெயர் பரவிய கதை

யாருக்குப் பஞ்சம்? இரண்டு வருஷத்தில் அந்த ஒரு தெருவில் மட்டும் ஏழு நிறைகுளம். பிள்ளை தங்காத வீடுகளில் முதலில் வைத்தார்கள், அப்புறம் நன்றாகத் தங்கிய வீடுகளிலும் வைத்தார்கள். சாயங்காலம் ஒருத்தி வாசலில் நின்று "ஏ நிறைகுளம்" என்று கூப்பிட்டால், மடியிலும் இடுப்பிலும் இருக்கிற பாதிப் பிள்ளைகள் திரும்பும். அர்த்தம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரோமையில் குளத்தங்கரையில் உயிரைவிட்ட அர்ச்சிஷ்டவள் (அவர்கள் பாஷையில் புனிதவதி) என்றாள் ஒருத்தி. பிள்ளை வயிற்றில் நீர் குறையாமல் காக்கிற பெயர் என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ரெஜினாவின் மாமியார் வந்து பேசுகிற வரைக்கும். ரெஜினாவுக்குத் தலைப்பிள்ளை. கால் வீங்கியிருந்தது, முகமும் வீங்கியிருந்தது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று ஒரு மாதமாகக் கத்தினேன். மாமியார் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தோளில் தட்டினாள்: "நீங்க பயப்படாதீங்க நர்ஸம்மா, வயித்துல இருக்கும்போதே நிறைகுளம்னு பேர் வச்சுட்டோம்ல!"

பாலத்துக்கு இந்தப் பக்கம்

வலி கண்டு இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் ரெஜினாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பேசிக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினோம், அங்கன போய்விட்டால் அடுத்த ரயிலில் ராமநாதபுரம். ரயிலும் வந்து நின்றது. ஆனால் தீவைக் கரையோடு சேர்க்கிற கடல் பாலத்தில் காற்று கூடிவிட்டது, காற்று அடங்காமல் வண்டியை விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு மணி நேரம் ஆனது. சிக்னல் கை அசையவில்லை. அந்தக் காற்றைத் திட்டின மாதிரி நான் எந்த மனுசரையும் திட்டினதில்லை.

ஸ்டேஷன் பெஞ்சைச் சுற்றி நாலு பெண்கள் சேலையைப் பிடித்து நிற்க, பிள்ளை அங்கேயே வந்தது. பெண்தான். மூச்சு இருந்தது, ஆனால் விட்டு விட்டு இழுத்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன், ஒன்றும் பிடிக்கவில்லை. ஸ்டேஷன் பானையிலிருந்து தண்ணீர் அள்ளினேன். மாமியார் தரையில் விழுந்து, "பேரைச் சொல்லுங்க நர்ஸம்மா, நம்ம பேரைச் சொல்லுங்க" என்று என் காலைப் பிடித்தாள். பெஞ்சிலிருந்து ரெஜினா தலையை ஆட்டினாள். "வேண்டாக்கா. இது தங்காது, எனக்குத் தெரியுது. மரியாள்னே சொல்லிருங்க. நிறைகுளம் செத்துப்போச்சுன்னா தெருவுல இருக்கிற ஏழு புள்ளைக்கும் ஆகாது."

தன் பிள்ளை கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது ஊரான் பிள்ளைகளுக்காகப் பெயரை விட்டுக்கொடுக்கிறாள். "போடி கிறுக்கி" என்றேன், குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "இந்தப் பேரு முதல்ல எம்புள்ளைக்குன்னு பேசி வச்சது, அவளே மண்ணுக்குப் போயிட்டா. இருபத்திரண்டு நாள் இருந்தா. அதுக்கப்புறமும் உங்க தெருவுல ஏழு பேரு நல்லாத்தான இருக்காக? பேரு யாரையும் காப்பாத்தலை, யாரையும் கொல்லவும் இல்லை. அது உம்புள்ளைக்கு வச்ச பேரு, அதோடயே போகட்டும்." தண்ணீரை ஊற்றி நிறைகுளத்தாள் என்றே சொன்னேன். மாமியார் கையிலிருந்து என் கால் விடுபட்டது. அரை மணி நேரம் இருந்தது பிள்ளை. அப்புறம் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் காற்று தணிந்து வண்டி பாலத்தில் ஏறியது. ரெஜினாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, இவளையாவது கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். ஒரு கையால் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு, கீழே தெரிகிற தண்ணீரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். தூங்கிவிடக் கூடாதே என்று கன்னத்தில் தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்தேன். (பிழைத்துவிட்டாள். பிற்பாடு இரண்டு பையன்கள், இரண்டையும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பெற்றாள், மாமியாரே கூட்டிப்போனாள்.) பாதிப் பாலத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"உங்க புள்ள இப்ப இருந்தா எத்தன வயசுக்கா?"

"பதினொண்ணு."

"அப்பச் சரி. எம்புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிருவா."

பெயரால் பிழைத்த பிள்ளை ஒன்றைக்கூட என் சர்வீசில் நான் பார்த்ததில்லை என்று யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன், ஆனாலும் பாம்பன் பக்கம் யாராவது "ஏ நிறைகுளம்" என்று சத்தம் கொடுத்தால் அந்த ஏழு பேருக்கும் முன்னால் திரும்பிப் பார்க்கிறவள் நான்தான்.