யாருக்குமே திறக்கவில்லை

ஸ்ரீரங்கத்தில் மாடித்தோட்டம் போட்டிருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு இணையதளம் நடத்துபவர் கே.கே. நகர் வசந்தா. அவருடைய ரோஜாவுக்கு மட்டும் லைக் குவியும். எனக்கு வயிறு எரியும். ஒருமுறை அவர் தளத்தில் போட்ட ரோஜாப் படத்தின் கீழே, "நர்சரியில் பூத்ததை வாங்கி வைத்தீர்களா?" என்று எழுதிவிட்டேன். மறுநாள் தளம் திறக்கவில்லை. என்னை நீக்கிவிட்டார் என்று நினைத்து, அவருக்கு போன் போட்டு, "ஒரு வரி எழுதினதுக்கு நீக்கிடுவீங்களா?" என்று கத்தினேன்.

"எங்க தெருவுல நெட் கேபிள் அறுந்துடுச்சுங்க. சைட்டே எங்க வீட்டு கம்ப்யூட்டர்லதான் ஓடுது, அதான் யாருக்குமே திறக்கல. உங்களை எதுக்குங்க நீக்கணும்? அப்படி என்ன எழுதினீங்க?" என்றார்.

ஏதோ சொல்லி மழுப்பினேன். தளம் வந்ததும் முதல் வேலையாக நான் எழுதியதை அழித்தேன்.

இப்போதெல்லாம் தளம் திறக்காவிட்டால், திருவானைக்காவல் தோழியிடம்தான் முதலில் கேட்கிறேன். அவளுக்கும் திறக்கவில்லை என்றால்தான் எனக்கு நிம்மதி.