முன்கையின் நிறம்

தெருவில் எல்லோரும் அவரைக் கலர்க்காரர் என்றார்கள். செல்போனில் எடுத்த மங்கல் படத்தைக் கொடுத்தால் இருட்டை நீக்கி, கூர்மை கூட்டி, முகத்தை முகமாக அச்சிட்டுத் தருவார். கணினித் திரையை மட்டும் நம்பமாட்டார். தினமும் காலையில், கல்யாணமான புதிதில் எடுத்த மனைவியின் முன்கைப் படத்தைச் சிறு துண்டாக அச்சிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போவார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் அவள் கையோடு ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டிப் பார்ப்பார். ஒத்துப்போனால் இயந்திரம் சரி.

"ஊருக்கெல்லாம் என் தோலா?"

"அசையாதே."

ஒரு வாரம் துண்டு கையைவிடச் சிவப்பாக வந்தது. மஞ்சள் மையைக் கூட்டினார். ஒத்துப்போனது. இரண்டு நாளில் மறுபடி மாறியது, மறுபடி கூட்டினார். சோறு இறங்கவில்லை என்றாள் மனைவி.

"இந்த மையோட மல்லுக்கட்டறதுல எனக்கும்தான் இறங்கல."

கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா வந்தார். "என்னய்யா இது? வாசல்ல நின்ன வாட்ச்மேன் வரைக்கும் மஞ்சளா இருக்கான்!"

"நிறம் துல்லியம்ங்க. சாட்சி இருக்கு."

மனைவியை இழுத்துவந்து ஆல்பத்தின்மேல் அவள் கையை வைத்தார். "பாருங்க. ஒரு இம்மி வித்தியாசம்?"

பெரியவர் கையைப் பார்த்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். "ஆல்பம் கிடக்கட்டும் தம்பி. முதல்ல இவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார்.

"திங்கட்கிழமை கொஞ்சம் கூட்டினேன். புதன்கிழமை நல்லாவே."

"எதை?"

"மஞ்சளை."

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. கல்லீரல் வீங்கியிருப்பதாகவும், இன்னும் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொல்லி டாக்டர் அவளைப் படுக்கவைத்தார்.

வார்டின் குழல்விளக்கு எல்லோரையும் பச்சையாகக் காட்டியது. மஞ்சள் குறைகிறதா, கூடுகிறதா? கலர்க்காரர் கட்டிலை ஜன்னலோரம் தள்ள ஆரம்பித்தார். நர்ஸ் ஓடிவந்தாள்.

"சார், எங்க ஓட்டிட்டுப் போறீங்க?"

"வெளிச்சத்துக்கும்மா."

"அதுல பேஷண்ட் இருக்காங்க!"

"அவங்களுக்காகத்தான்."

ஜன்னலோரம் கட்டில் நின்றதும் சட்டைப்பையைத் துழாவினார். துண்டு கடையிலேயே கிடந்தது. எதோடு ஒப்பிடுவது? வேறு வழியில்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம்.

"கண்ணை மூடித் திறங்க," என்றாள். "பயமா இருக்கு."