திங்களில் தொடங்கிய கலண்டர்

பாரிஸில் எனக்கு முதலில் கிடைத்தது ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த விற்பனைக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. அடுத்து, நகரசபை நடத்திய வளர்ந்தோர் பள்ளியில் ஓர் இடம் கிடைத்தது. பெட்டி கட்ட வந்தபோது யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பள்ளியில் கேட்டார்கள்: வரைகலை வடிவமைப்பு ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? கிடங்குக்கு வரும் பெட்டிகளில் முக்கால்வாசியின் எழுத்துகள் பார்க்கச் சகிக்கவில்லை, நான் செய்தால் நன்றாக இருக்கும் என்று தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். கேட்ட பெண்மணி சிரித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொண்டார். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தன்னம்பிக்கைக்குக் குறைவில்லை, பிரெஞ்சுக்குத்தான் குறைவு.

வாரத்தில் இரண்டு மாலைகளும் சனிக்கிழமை முழுவதும் வகுப்பு. எங்களுக்குப் படிப்பித்தவர் குட்டையாக வெட்டிய நரைத்த தலையும் எப்போதும் கறுப்புச் சட்டையுமாக வருகிற ஒரு பெண். அவரை மதாம் என்றே கூப்பிடுவோம். நாங்கள் எதை வரைந்து கொண்டுபோனாலும் அவர் ஒரு விரலால் அதன் பாதியை மறைத்துப் பார்ப்பார். பிறகு, “இது இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்பார். பெரும்பாலும் ஒன்றும் குறையாது. கோடுகளை அழிப்போம், நிறங்களை அழிப்போம், கடைசியில் வெள்ளைத்தாளில் இரண்டு சொற்கள் மிஞ்சும். அது அழகாகவும் இருக்கும். அந்த அழகில் நான் மயங்கிப்போனேன். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தில் விரல் வைக்க இடம் இருக்காது. இங்கே ஒரு முழுப் பக்கத்தைச் சும்மா விடலாம், அதற்குப் பெயர் வடிவமைப்பு.

வகுப்பில் இருபத்தாறு பேர் இருந்தோம். இரண்டாம் வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். இரண்டாம் வருடம் போனால் ஒரு வடிவமைப்பு நிலையத்தில் ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு கிடங்கும் பெட்டியும் கயிறும் என் வாழ்க்கையை விட்டுப் போய்விடும். அந்த ஒன்றுக்காகத்தான் நான் அந்த வருடம் முழுக்க மூச்சுவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனி மாதக் கடைசியில் நடுவர்கள் மூவர் வருவார்கள்; எங்கள் வழக்கில் ஜூனுக்குப் பெயர் ஆனி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேலையைக் காட்ட வேண்டும். அது உண்மையாகவே அச்சடிக்கப்பட்டு, வெளியே உண்மையான மனிதர்கள் பாவிக்கிற பொருளாக இருக்க வேண்டும்.

மற்றவர்கள் யாரைப் பிடிக்கலாம் என்று அலைந்துகொண்டிருக்க, நான் நேரே, தமிழ்க்கடைகள் இருக்கும் லா சப்பலில் நாங்கள் அரிசி வாங்கும் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார அண்ணைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பகிடி விடாமல் அவருக்கு ஒரு இறாத்தல் பருப்புக்கூட நிறுக்கத் தெரியாது. ஆங்கில வருடப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஒரு கலண்டர் செய்து தருகிறேன் என்றேன்.

“பிள்ளையார் ஒரு பக்கம், மடு மாதா ஒரு பக்கம். நடுவிலை ஒரு நீர்வீழ்ச்சி. கீழை கடையின்ரை ரெலிபோன் நம்பர். ஏலுமே?” என்று கேட்டார்.

“அண்ணை, அதெல்லாம் எல்லாரும் செய்யிறது. நான் உங்களுக்கு இந்தப் பாரிஸிலேயே இல்லாத ஒண்டைச் செய்து தாறன்.”

“பிள்ளையார் வேண்டாமெண்டு சொல்லுறீரோ?”

“வேண்டாம்.”

“நீர் வேதக்காரர், சொல்லுவீர். மாதாவையாவது வையுமன்!”

கிறிஸ்தவனாக இருந்தும் மாதாவையும் வைக்கவில்லை. அந்த நாட்களில் தமிழுக்குத் தேய்த்து ஒட்டும் எழுத்துத்தாள்கள் கிடையாது. பிரெஞ்சுக்குக் கடையில் நூறு வகை இருந்தது. நான் பிரெஞ்சுத் தாள்களிலிருந்தே தமிழை வெட்டி எடுத்தேன். பெரிய L ஒன்று அப்படியே ‘ட’ ஆகியது. U-வின் அடியைச் சதுரமாகச் சீவினால் ‘ப’. சுழிகளுக்கு O-வையும் C-யையும் சவர அலகால் நறுக்கினேன். பன்னிரண்டு மாதங்களின் பெயர்களை இப்படி ஒட்டி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. எழுத்துகளைப் பார்த்த மதாம், வகுப்பு முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு நான் லா சப்பல் வரை நடந்தே வந்தேன். அந்த மகிழ்ச்சிக்கு ரயில் போதாது.

மாதத்துக்கு ஒரு தாள். மேலே மாதத்தின் பெயர், நிறைய வெள்ளை, கீழே இலக்கங்கள். எல்லாம் ஒரே கடும் நீலம். கிழமைகளைப் பிரெஞ்சு வழக்கப்படி ஒற்றை எழுத்தில் மிகச் சிறிதாக வைத்தேன், கண்ணாடி போட்டால் தெரியும். பிரெஞ்சு வழக்கப்படியே முதல் நிரல் திங்கள், கடைசி நிரல் ஞாயிறு. மதாம் விரலால் மறைத்துப் பார்த்தார். மறைக்க ஒன்றுமில்லை. “இதுதான் இந்த வருடத்தின் சிறந்த வேலை” என்றார்.

எங்கள் நாட்டுக் கலண்டர் எதிலும் முதல் நிரல் ஞாயிறு. அது சிவப்பாக இருக்கும். பிறந்ததிலிருந்து இடதுபக்கம் சிவப்பைப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். இதை நான் அறியாதவனல்ல. அதெல்லாம் பழைய பழக்கம், கண் தானாகப் பழகிவிடும் என்று நினைத்தேன்.

கண் பழகவில்லை. கலண்டர் அச்சாகி, வருடப் பிறப்புக்குக் கடையிலிருந்து வீடுகளுக்குப் போனதும், முதல் முறைப்பாடு என் வீட்டிலேயே வந்தது. ஒரே அறையும் குசினியுமான வீட்டில் ஆறு பேர் இருந்தோம். முறை வைத்துச் சமைப்போம். எங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் சைவம். தை மாதத் தாளில் வெள்ளிகளுக்கெல்லாம் சிலுவை போட்டு வைத்திருந்தார், சமைப்பவன் பார்த்து நடக்கட்டும் என்று. ஞாயிறு முதலில் என்ற நினைப்பில் ஆறாவது நிரல் முழுக்கப் போட்டிருந்தார், என் கலண்டரில் அது சனி. சமைப்பவன் அன்றைய திகதியைப் பார்த்தான், சிலுவை இல்லை, ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்துவிட்டான். வெள்ளி மாலை வேலையால் வந்தவர் படியிலேயே மணத்தைப் பிடித்துவிட்டார். மறுநாள் சிலுவைப்படி எங்கள் எல்லோருக்கும் பூசணிக்காய்.

“உம்மடை கலண்டர் என்னைப் பட்டினி போட்டிட்டுது” என்றார் அவர்.

“எழுத்தைப் பாத்துப் போட்டிருக்கலாமே?”

“எங்கை எழுத்து? எறும்பெண்டெல்லோ நினைச்சன்!”

வைகாசியில் இன்னொன்று. புறநகரான கார்ஜ் லே கொனெஸில் இருந்த ஒரு குடும்பம் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குச் சனிக்கிழமை பார்த்து மண்டபம் எடுக்க நினைத்தது. கடைசி நிரலைப் பார்த்துத் திகதியைச் சொல்லி மண்டபத்தைப் பதிந்துவிட்டார்கள். சனங்களுக்குச் சனிக்கிழமை என்று சொன்னார்கள். மண்டபமோ ஞாயிறுக்குப் பதிவாகியிருந்தது. சனிக்கிழமை நாற்பது பேர் கேக்கும் கையுமாகப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். கதை லா சப்பல் முழுக்கப் பரவியது. என்னைக் கண்டவர்கள் எல்லாம், “தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பார்க்கத் தெரியாதவர்கள் என்று மனதுக்குள் திட்டினேன். பிரான்சுக்கு வந்து ஐந்து வருடமாகியும் பிரெஞ்சுக்காரர் வாரத்தை எங்கே தொடங்குகிறார்கள் என்று பார்க்காதது யார் பிழை? கடைக்கார அண்ணை மட்டும் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. கல்லாவுக்கு மேலே என் கலண்டர் மடிப்புக் குலையாமல் தொங்கும். “எப்படி அண்ணை?” என்றால், “சோக்காய்க் கிடக்குது” என்பார். புரிந்துகொள்ள ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

நடுவர்கள் வருவது ஆனி இருபத்தாறாம் திகதி என்று பள்ளிப் பலகையில் போட்டார்கள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே குசினிச் சுவரில் இருந்த என் கலண்டரை எட்டிப் பார்த்தேன். இருபத்தாறு நான்காவது நிரலில் இருந்தது. மறுநாள் கிடங்கு முதலாளியிடம் போய், வருகிற புதன்கிழமை எனக்கு லீவு வேண்டும், நான் செய்த கலண்டரை நடுவர்கள் பார்க்கப்போகிறார்கள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

புதன்கிழமை காலை, இரவல் கோட்டும் கையில் சுருட்டிய கலண்டருமாகப் பள்ளிக்குப் போனேன். வகுப்பறை பூட்டியிருந்தது. நடையில் ஒருவரும் இல்லை. காவலாளி வந்து யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, “அது நாளைக்கு, மெசியூ. இருபத்தாறு வியாழன்” என்றார்.

நான் கலண்டரை விரித்தேன். நான்காவது நிரலின் தலையில், நானே குறட்டால் பிடித்து ஒட்டிய சின்ன J, வியாழனைக் குறிக்கும் பிரெஞ்சு எழுத்து. அதை நான் பார்க்கவேயில்லை. என் கண் இடதுபக்கம் போய், ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறது. திங்களை முதலில் வைத்தவன் நான். அதை வாசித்தவனும் நான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததேயில்லை.

நடையில் நின்று தனியாகச் சிரித்தேன். பிறகு நாற்பது பேரும் கேக்கும் நினைவுக்கு வர, சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு ஒரு நாள் முந்தியது, நல்ல காலம். பிந்தியிருந்தால் என் கதை அந்தக் கதவோடு முடிந்திருக்கும்.

நேரே கடைக்குப் போனேன். அண்ணை பின்னறையில் ரெலிபோனில் சாமானுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். சுவரில் என் கலண்டரின் இன்னொரு பிரதி. ஒவ்வொரு நிரலுக்கு மேலும் தி, செ, பு என்று பேனையால் கட்டை விரல் அளவில் எழுதியிருந்தது. கடைசி நிரல் முழுவதற்கும் சிவப்புப் பென்சில். வெள்ளிகளைச் சுற்றி வட்டம். நான் அரும்பாடுபட்டு விட்ட வெள்ளையிடத்தில் மரக்கறி வரும் நாட்களும் மூன்று பேருடைய ரெலிபோன் நம்பரும்.

“இதென்ன அண்ணை?”

அவர் ரெலிபோனை வைத்தார். முகத்தில் பகிடியைக் காணோம். “அது சும்மா… ஓடர் குடுக்கேக்கை கிழமை மாறிப்போகுது தம்பி. ரண்டு தரம் முருங்கைக்காய் பிழையான நாளிலை வந்து வாடிப்போச்சு.”

“அப்ப ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“நீர் அதைக் கொண்டுவந்து தரேக்கை உம்மடை முகத்தைப் பாத்தனான். சொல்ல மனம் வரேல்லை. நீர் வாறனீர் எண்டுதான் முன்னுக்கு ஒண்டை வடிவாய்த் தூக்கி விட்டிருக்கிறன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக நான் முன்னால் நின்று ரசித்தது எனக்காகத் தொங்கவிட்ட கலண்டர். பாவித்த கலண்டர் திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. சனங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று திட்டிய என் வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. அந்தப் பிரதியைத் தரச் சொல்லிக் கேட்டேன். “ஐயோ, மரக்கறி நாளெல்லாம் அதிலை கிடக்குது” என்றார். வேறு தாளில் பார்த்தெழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் கிடங்குக்குப் போய், லீவை நாளைக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். “கலண்டர் செய்கிறவருக்கு நாள் தெரியாதா?” என்று முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் மாற்றிக் கொடுத்தார். மாலைவரை பெட்டி கட்டினேன். மனம் தெளிவாக இருந்தது. சுத்தமான பிரதியைக் காட்டினால் இடம் நிச்சயம். மதாம் அதைச் சிறந்த வேலை என்று சொல்லியாகிவிட்டது. கிறுக்கிய பிரதியைக் காட்டினால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாததைத்தான் காட்டுவது என்று முடிவெடுத்தேன். அந்த வருடத்தில் நான் எடுத்த முடிவுகளில் பயமில்லாமல் எடுத்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மூன்று நடுவர்களுக்கும் மதாமுக்கும் முன்னால் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். கண்ணாடி போட்ட நடுவர் சுத்தமானதைக் காட்டி, “இதைத்தானே சமர்ப்பிக்கிறீர்கள்?” என்றார்.

“இல்லை, மற்றதை.”

“அதில் இருப்பது வேறு யாரோ எழுதியது.”

“ஓம். அதைப் பாவிக்கிறவர் எழுதியது. நான் விட்ட இடமெல்லாம் அவர் நிரப்பியிருக்கிறார். இதை வாசிக்க முடியவில்லை என்று பலர் சொன்னார்கள், நான் நம்பவில்லை. நேற்று நானே இதைப் பிழையாக வாசித்து, ஒரு நாள் முந்தி வந்து இந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன்.”

நடுவர்கள் சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை. எழுந்து வந்து பேனைக் கிறுக்கல்களுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். இந்த முறை விரலால் எதையும் மறைக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அப்படியென்றால் முதலாவதை யாருக்காகச் செய்தீர்கள்?”

பதில் சொல்ல எனக்கு ஒரு நொடியும் பிடிக்கவில்லை.

“உங்களுக்காக, மதாம்.”

அவர் தலை குனிந்தபடி தன் கதிரையில் போய் உட்கார்ந்தார். முன்னால் இருந்த பட்டியலை இழுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பெயருக்கு நேரே எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் வாசித்துவிட்டேன். இரண்டாம் வருடம்.