அவங்களுக்குப் போன் போடு

மன்னார்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்கின் இருபுறமும் மூக்குத்தி, நகக்கண்ணில் நடவுச் சேறு. போனை எடுக்கும்போதெல்லாம் முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டுதான் பேசுவார்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதை ஜன்னல் வழியே பார்த்ததும் பதறிப்போய், "அவங்களுக்குப் போன் போடு" என்று போனிடம் சொன்னார்.

"யாருக்கு அழைக்க வேண்டும்?" என்றது போன்.

"அவங்களுக்குத்தான்!"

அது மறுபடியும் அதையே கேட்டது. மடையை உடனே அடைக்காவிட்டால் நாற்றங்கால் மூழ்கிவிடும் என்று என்னிடம் புலம்பினார். புருஷன் பெயரைச் சொன்னால் போதும் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார்.

"குடுங்கக்கா, நான் போட்டுத் தர்றேன்."

"நீங்க இன்னைக்குப் போட்டுருவீங்க. நாளைக்கு யாரு போடுவா? அதுல பேர 'அவங்க'ன்னு மாத்திக் குடுங்க. விபூதி பூசின படம் இருக்கும் பாருங்க."

மாற்றிக் கொடுத்தேன். துடைத்தார், சொன்னார், மணி அடித்தது. மடையை அடைக்கச் சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏங்க, உங்க போன்ல என் பேர என்னன்னு வச்சிருக்கீங்க? வீடுன்னா வச்சிருக்கீங்க? அத மாத்துங்க. என் பேரப் போடுங்க. எனக்குத்தான் உங்க பேரு வாயில வராது, உங்களுக்கு என்னவாம்?"

வைத்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார். அவர் இறங்கிப் போன பிறகுதான், நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவரின் போனை வாங்கி என் எண்ணைத் தேடினேன். அதிலும் நான் 'வீடு'தான்.