இருளாயியின் மொட்டை டயர்

இருளாயியின் சமையலை ஓசூரில் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் அது வந்து சேர்கிற விதத்தில்தான். தளி ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் சமைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரோஜா வளர்க்கிற ஒரு கிரீன் ஹவுஸுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறாள். சோறு ஒழுங்காகப் போய்விடும். கூட்டும் பொரியலும் போய்விடும். ரசம் மட்டும் பாதி தூக்கிலும் பாதி பையிலுமாகப் போய்ச் சேரும்.

"பை குடிச்சது போக எங்களுக்கு எவ்ளோக்கா இருக்குது?" என்பான் சுரேந்தர். அங்கே சூப்பர்வைசர், தர்மபுரிக்காரன். முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

ரசம்தானே, போனால் போகிறது என்கிறவர்கள் இருளாயி மாதிரி ஒரு ராமநாதபுரத்துப் பெண் வைத்த மிளகு ரசத்தைக் குடித்ததில்லை என்று அர்த்தம். பிளாஸ்டிக் கூரைக்கடியில் புழுங்கிப் பூ வெட்டிவிட்டு வருகிறவனுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. கிளிப் போட்ட டப்பா ஒன்று வாங்கிப் பார்த்தாள். ஆவியில் மூடி ரப்பர் இளகி, ரசம் முழுக்க ரப்பர் வாடை. திரும்பவும் எவர்சில்வர் தூக்குக்கே வந்துவிட்டாள்.

வழியும் ஒரே வழியாக இருந்தால் பரவாயில்லை. வீட்டைவிட்டு இறங்கினால் தார் ரோடு, அதில் கம்பெனி பஸ்ஸும் கிரானைட் லாரியும் ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில் தார் இருக்காது. பிறகு ஒரு லேஅவுட்டின் சிமெண்ட் தெரு. அங்கே வீட்டுக்கு வீடு தன் வாசலில் ஒரு வேகத்தடை போட்டுவைத்திருக்கிறார்கள், அவரவர் வீட்டுக் கல்யாணப் பந்தல் மாதிரி. கடைசியில் செம்மண் பாதை. மழைக்குச் சேறாகிறது என்று அதில் ஜல்லியைக் கொட்டி, அப்படியே விட்டிருந்தார்கள்.

மொபெட் வாங்கலாமே என்று கேட்காத ஆளில்லை. வாங்கலாம். ஆனால் இருளாயிக்குச் சைக்கிள் பிடிக்கும், மொபெட் பிடிக்காது, அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு மனுஷி காரணம் சொல்ல வேண்டுமா?

சைக்கிள், வீட்டு ஓனர் மகன் ஆசைக்கு வாங்கி அலுத்துப்போய் மாடிப்படிக்கடியில் போட்டிருந்த கியர் சைக்கிள். பின்னால் கேரியர் வைத்துக்கொண்டாள். டயரெல்லாம் கட்டை கட்டையாகப் பல். மண்ணில் நன்றாகத்தான் பிடித்தது. தார் ரோட்டில் ஏறினால் மாவு மில் மாதிரி உறுமும்; மிதிக்க மிதிக்க யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருக்கும். அந்த உதறலில்தான் ரசம் மூடியைத் தாண்டியது.

சரி என்று திம்மப்பன் கடையில் ஒல்லி டயர் மாற்றினாள். திம்மப்பன் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கன்னடம் பேசுகிற ஆள். "மண்ணுல ஆவாதுக்கா" என்று அவர் சொல்லத்தான் செய்தார். இவள் கேட்கவில்லை. தாரில் சிட்டாய்ப் பறந்தது. ஜல்லித் திருப்பத்தில் முன்சக்கரம் கத்தி மாதிரி உள்ளே இறங்கி, இருளாயி ஒரு பக்கம், தூக்கு ஒரு பக்கம். முழங்கையில் தோல் வழன்று, இடுப்பில் நல்ல அடி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் ரத்தினவேல் வேலை முடிந்து வந்தான். இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி எடுக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை, பெரும்பாலும் காலை ஷிப்ட். அவள் கையைப் பார்த்தான். போய்ச் சைக்கிளைப் பார்த்தான். முன் டயரைப் பெருவிரலால் அமுக்கினான். பொதபொதவென்று உள்ளே போனது. வந்து மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டான்.

படுத்த இடத்தில் கிடக்கிற ஆளா இருளாயி? நடக்க முடிந்ததும் திம்மப்பன் கடைக்குப் போய் நின்றாள்.

"பல்லு வெச்சதும் ஆவல, ஒல்லியும் ஆவல. வேற என்னதான் இருக்கு?"

"அகலமா, வழவழன்னு ஒண்ணு இருக்குதுக்கா. பெங்களூர்ல இருந்து வரவெக்கணும்" என்றார் திம்மப்பன். "தார்ல பல்லு எதுக்கு? ரப்பர் முழுசா உக்காரணும். மண்ணுக்கு அகலம் போதும், அது தாங்கிக்கும். சேத்துல மட்டும் ஓட்டாத, எறங்கித் தள்ளிக்கோ."

டயர் வந்தது. பார்க்கத் தேய்ந்துபோன டயர் மாதிரியே மொட்டையாக இருந்தது. மாட்டி முடித்துக் காற்றடித்துவிட்டுத் திம்மப்பன் அவள் பெருவிரலை வைத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் உள்வாங்கியது.

"இவ்ளோதான் காத்து. இதான் இதுல சூட்சுமம். கல்லாட்டம் அடிச்சா பழைய டயரே மேலுன்னு ஆயிடும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஞ்சு மூட்டைமேல் போகிற மாதிரி இருந்தது. வேகத்தடை ஏறி இறங்கியது தெரியவில்லை. எதிரே வந்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, காத்து எறங்கிக் கெடக்குது பாரு" என்றார் ஒருவர். "டயர் தேஞ்சுபோச்சு பாருக்கா" என்றார் இன்னொருவர். தன்னைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தன் சைக்கிளைப் பற்றித்தான் கவலை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் ரத்தினவேல் அதற்குமேல்.

"பல்லில்லாத டயரை எவனாச்சும் மண்ணுல ஓட்டுவானா? விழுந்தது பத்தலையா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற."

"ஓட்டப்போறது நீங்களா?" என்றாள். வெடுக்கென்று வந்துவிட்டது.

அவன் அதற்குப் பிறகு டயரைப் பற்றிப் பேசவே இல்லை. மற்றதையும் அளந்துதான் பேசினான். "சோறு", "தண்ணி", "சாவி எங்க". காலையில் கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்வதும் நின்றுபோனது. இரண்டொரு தடவை கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "சீக்கிரம் கிளம்பத் துப்பில்லை, கோவம் மட்டும் வருது" என்று அவளும் முணுமுணுத்தாள்.

டயரும் அவளைக் கைவிட்டது. கடையிலிருந்து வந்த அன்றைய சொகுசு அன்றோடு சரி. மறுநாளே திம்திம்மென்று குதித்தது. ஜல்லியில் துள்ளியது. தார் விளிம்பில் இறங்கினால் முதுகெலும்பு எண்ணிக்கொள்ளலாம். ரசம் பழையபடி பைக்குள். நல்ல டயர் என்று நம்பி வாங்கியாயிற்று, அது பொய் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஒரு வாரத்துக்குமேல் அப்படியே ஓட்டினாள்.

சுரேந்தர் இப்போது சிரிக்கவில்லை.

"அக்கா, ஓனரு வேற மெஸ் பாக்கச் சொல்லிட்டாரு. பைய நக்கிச் சாப்புடறதாடா நீங்கன்னு கேக்கறாரு. நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். அதுக்குமேல என்னால ஒண்ணும் பேச முடியாதுக்கா."

அந்த கிரீன் ஹவுஸ் போனால் அவளுக்கு வேறு பெரிய வாடிக்கை கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழ நேரமில்லை என்பதால் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே திம்மப்பன் கடைக்குப் போனாள்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே! ஒரு நாள் கூத்துக்குத்தான் இந்த டயரா?"

திம்மப்பன் குனிந்து டயரை அமுக்கினார். விரல் நகரவில்லை.

"ஏமக்கா இது! கல்லு. யாரு அடிச்சது?"

"யாரு அடிப்பா? நீங்க அடிச்சதுதான்."

"நான் அடிச்சா இப்படி இருக்குமா? ஏன்க்கா, டயர்ல காத்து தானா வெளிய போவும், பாத்திருக்கறேன். தானா உள்ள வந்ததை எந்த ஊர்ல பாத்த?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. திம்மப்பன் வால்வை அழுத்திக் காற்றை இறக்கி, அவள் விரலால் மறுபடியும் அமுக்கிப் பார்க்கவைத்து அனுப்பினார். வீடுவரை பஞ்சு மூட்டைதான்.

மறுநாள் விடிகிற நேரம். குக்கர் சத்தத்துக்கும் மிக்சி சத்தத்துக்கும் நடுவில், அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

கம்பெனிச் சட்டை, தோளில் பை, ஷூ எல்லாம் போட்டு ரத்தினவேல் அவள் சைக்கிளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இரண்டு காலாலும் பம்பை மிதித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காற்றடித்தான். நிறுத்தி, பெருவிரலால் அமுக்கினான். போதவில்லை போல, இன்னும் அடித்தான். பின் டயருக்கும் அடித்தான். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்தான். டயரில் ஒட்டியிருந்த ஜல்லித் துண்டை நகத்தால் பெயர்த்தெடுத்தான். முக்கில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பம்பைப் படிக்கடியில் தள்ளிவிட்டு ஓடினான்.

பஸ்ஸை ஏன் விட்டான் என்று அப்போதுதான் தெரிந்தது. துப்பில்லாதவன் என்று சொன்ன வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் அரிசித் தண்ணீரோடு எவ்வளவு நேரம் நின்றாளோ, உள்ளே பருப்பு அடிபிடித்துவிட்டது.

கிளம்பும்போது இரண்டு டயரிலும் காற்றை இறக்கினாள். அவன் மூச்சுப் பிடித்து அடித்த காற்று புஸ்ஸென்று போவதைக் கேட்க என்னவோ போலிருந்தது. ஆனாலும் இறக்கினாள். தாரில் உறுமல் இல்லை. வேகத்தடைகளில் சைக்கிள் முனகிக்கொண்டு ஏறி இறங்கியது. ஜல்லித் திருப்பத்தில் மட்டும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டயர் கல்லை அணைத்துக்கொண்டு திரும்பியது.

சுரேந்தர் தூக்கைத் திறந்து பார்த்தான். பிறகு பைக்குள் கையை விட்டுத் துழாவினான். பை காய்ந்திருந்தது.

"இன்னிக்கு பை பட்டினியாக்கா?" என்றான். பழைய சிரிப்பு வந்துவிட்டது. "ஓனருகிட்ட நான் சொல்லிக்கறேன். நாளைக்கு எப்பவும்போல கொண்டுவா."

சாயங்காலம் ரத்தினவேல் வந்து ஷூவைக் கழற்றும்போது இருளாயி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள்.

"இங்க வாங்க."

வந்தான்.

"தெனமும் காத்தடிக்கிறது நீங்கதானா?"

அவன் சுவரைப் பார்த்தான். "நீ விழுந்த அன்னைக்கு டயர்ல காத்தே இல்ல. காலையில போறப்ப ஒரு தடவை அமுக்கிப் பாத்திருந்தா நீ விழுந்திருக்க மாட்ட. ரெண்டு நாளா பிரஸ்ஸுக்கு முன்னாடி என்னால நிக்க முடியல."

விழுந்ததால்தான் டயர் பஞ்சரானது, காற்றில்லாமல் விழவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை அவனிடம் சொல்லவே இல்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

"கல்லுல அடிச்சு டியூப் போச்சு. காத்து பெறகுதான் எறங்குச்சு" என்றாள்.

"நெசமாவா?"

"ஆமாங்க. ஆனா இவ்வளவு அடிக்கக் கூடாதாம் இதுக்கு. குதிச்சுக் குதிச்சு ரசமெல்லாம் கொட்டிப்போச்சு."

"ஊர்ல சைக்கிள்ல தண்ணிக்குடம் கட்டுனப்ப கல்லு மாதிரி இருந்தாத்தானே பாரம் தாங்கும்?" என்றான். குரல் இறங்கிவிட்டது. "அப்ப நான்தான் உன் பொழப்பைக் கெடுத்தேனா?"

அடிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. அவன் பெருவிரலைப் பிடித்து டயரில் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள்.

"இம்புட்டு உள்ள போகணும். தெனமும் நீங்கதான் பாக்கணும். எனக்கு அடுப்பு வேலைக்கே நேரம் சரியா இருக்கு."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

அவன் கையை எடுக்காமல் இன்னும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவள் ரசத்துக்குப் பூண்டு தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பம்புச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, புஸ் என்று சின்னதாக ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் ஒரு சின்ன புஸ். பஸ் ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே ஷூச் சத்தம் படியில் இறங்கியது. தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"ஏ இருளாயி, வாரேன்" என்றான் ரத்தினவேல்.